இணைசேர் பருவத்து மான்களும் அவற்றைக் கண்ட கண்களும்

மான் உருவம் சிவகாசிக்குப் புதியதன்று. 1922ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். 1923இல் அத்தொழில் இந்த வறண்ட மண்ணில் வேர்கொண்டது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு அச்சகம் வேண்டியிருந்தது. எழுத்தறியாதாரும் கடையில் கைகாட்டிக் கேட்டு வாங்குவதற்கு உருவம் ஒன்று தேவைப்பட்டது. ஆகவே புலியும் யானையும் மயிலும் மானும் சின்னஞ்சிறு தாள்களில் ஏறி நாடெங்கும் சென்றன. பட்டாசுத் தொழில் அதனைத் தொடர்ந்தது. லேபிள் அச்சடித்த கைகளே பின்னர் நாட்காட்டிகளையும் அச்சடித்தன. இன்று தமிழ்நாட்டில் சுவரில் ஆணியடித்துத் தொங்கும் நாட்காட்டிகளுள் பெரும்பாலானவை இவ்வூர் எந்திரங்களில் பிறந்தவையே.

அச்சில் வரும் மான் எப்போதும் ஒரே நிலையில்தான் நிற்கும். தலை நிமிர்ந்திருக்கும், கொம்பு விரிந்திருக்கும், பின்னே பச்சைப் புல்லும் நீல வானும் இருக்கும். அது எங்கே நிற்கிறது, எந்தத் திங்களில் நிற்கிறது, யாரை நோக்கி நிற்கிறது என்னும் வினாக்களுக்கு அப்படத்தில் விடை கிடையாது. ஆனால் மெய்யான மானின் வாழ்வில் இவ்வினாக்களே தலையாயவை. ஆண்மானின் கொம்பும் குரலும் கழுத்துமயிரும் போரும் நடையும் அதன் இணைசேர் பருவத்தையே சார்ந்தவை. அப்பருவத்தைக் காணாதவன் மானை முழுமையாகக் கண்டவனாகான்.

அப்பருவத்தைத் தமிழ்நிலத்தில் கண்டவர் யார்? எவ்வாறு கண்டனர்? கண்டதை எவ்வாறு பதிந்தனர்? பாட்டில் தொடங்கித் துப்பாக்கி வழியாக ஒளிப்படக் கருவிக்கு வந்துசேர்ந்த இந்த நெடிய வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புலவர் கண்ட இரலை

மானினத்துக்குத் தமிழில் வழங்கிய பெயர்களின் பெருக்கமே பண்டையோரின் கூர்த்த நோக்குக்குச் சான்றாகும். புல்வாய், இரலை, நவ்வி, உழை, மரை, கடமை எனப் பெயர்கள் பல. தொல்காப்பிய மரபியல், இரலை என்பதும் கலை என்பதும் புல்வாயின் ஆணுக்கு உரிய பெயர்கள் என்றும், கலை என்பது உழைக்கும் பொருந்தும் என்றும் வரையறுக்கிறது. புல்வாய், நவ்வி, உழை, கவரி ஆகியவற்றின் பெண்ணுக்குப் பிணை என்று பெயர். ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல் என்று இலக்கணமே வகுத்துக்கொண்ட மக்கள், அவ்விரண்டும் கூடி வாழும் முறையையும் உற்றுநோக்கியிருப்பர் என்பதில் ஐயமில்லை.

முறுக்கிய கொம்புடைய இரலை என்று சங்கப் பாடல்கள் பேசுவது இன்று நாம் வெளிமான் என்று வழங்கும் விலங்கையே ஆகும். திருகுசுருளாக நீண்ட கொம்பு தமிழகத்து விலங்குகளில் வேறெதற்கும் இல்லை. அகநானூற்றின் நான்காம் பாடல் குறுங்குடி மருதனார் பாடிய முல்லைப் பாட்டு. மழை பெய்து தணிந்திருக்கிறது, முல்லை அரும்புகிறது, கொன்றை மொட்டவிழ்கிறது. இரும்பை முறுக்கினாற் போன்ற கரிய கொம்புடைய இரலை, பரற்கற்கள் நிறைந்த பள்ளங்களில் துள்ளித் திரிகிறது. வினைமுடித்த தலைவன் தேரில் மீள்கிறான். பூத்த சோலையில் தம் துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் மணியோசையால் கலக்கமுறுமே என்று அஞ்சி, அவன் தேர்மணியின் நாவைக் கட்டிவைத்து வருகிறான்.

இப்பாடலில் இரண்டு செய்திகள் உள்ளன. மழைக்குப் பின் புல் தளிர்த்த நிலத்தில் ஆண்மான் துள்ளும் காட்சி கண்ணால் கண்டு பாடியது, கற்பனையில் பிறந்ததன்று. இணையோடு இருக்கும் உயிரின் அருகே செல்வோன் தன் ஓசையை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது அக்காட்சியோடு சேர்ந்து வந்த ஒழுக்கம். காட்சியும் ஒழுக்கமும் ஒரே பாடலில் இணைந்து நிற்பது எண்ணத்தக்கது.

பாலை பாடிய பெருங்கடுங்கோவின் கலித்தொகைப் பாடல் ஒன்றில், நிழலற்ற காட்டில் வாடும் பிணைக்கு ஆண்மான் தன் உடல் நிழலையே கொடுத்துக் காக்கிறது. மாறன் பொறையனாரின் ஐந்திணை ஐம்பதில், சுனையில் எஞ்சிய சிறிதளவு நீரைப் பிணை பருகட்டும் என்று கலைமான் தான் பருகுவது போல் நடிக்கிறது. தமிழ் மாணவர் யாவரும் கற்று நெகிழும் இக்காட்சிகள், கலைமானைக் காதலின் இலக்கணமாகவே நம் உள்ளத்தில் நிறுத்திவிட்டன.

காட்டில் நிகழ்வது

காட்டில் நிகழ்வதோ இதனினும் விரிவானது. சில இடங்களில் இதற்கு மாறானதும்கூட. புள்ளிமானின் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பது. முளைக்குங்கால் மெல்லிய மயிர்த்தோல் அதனைப் போர்த்தியிருக்கும். கொம்பு முதிர்ந்ததும் அத்தோல் காய்ந்து கிழியும். ஆண்மான் அதனை மரத்தில் தேய்த்து உரிக்கும். அதன்பின் கழுத்துத் தடிக்கும். உரத்த, கரகரத்த முழக்கம் ஒன்று தொண்டையிலிருந்து எழும். பின்னங்கால்களில் எழுந்து நின்று, தலைக்குமேல் உள்ள கிளையில் கொம்பையும் முகத்தையும் தேய்த்து மணம் பதிக்கும். தென்னாட்டில் ஆண்டின் எத்திங்களிலும் முற்றிய கொம்புடைய கலை ஒன்றையேனும் காணலாம். எனினும் கோடையை ஒட்டிய திங்களிலேயே முழக்கம் மிகுதி.

புள்ளிமான் கலை பிணைக்கூட்டத்தை வளைத்து உரிமை கொண்டாடுவதில்லை. கூட்டத்துள் புகுந்து, பக்குவமடைந்த ஒரு பிணையைத் தேர்ந்து, அதன் பின்னே நிழல்போல் தொடர்ந்து, வேறு கலை அணுகாதவாறு காத்து நிற்கும். கலித்தொகைப் புலவர் கண்டது இந்நிலையை ஒத்த காட்சியாகலாம். ஆனால் பிணையின் பக்குவம் நீங்கியதும் கலை விலகும். வேறொரு பிணையைத் தேடும். குட்டி பிறப்பதற்கு ஏறத்தாழ எட்டுத் திங்கள் ஆகும். அதனை வளர்ப்பதில் கலைக்குப் பங்கில்லை. புலவர் பொய் கூறவில்லை. நெடிய நிகழ்ச்சியுள் ஒரு கணத்தைத் தேர்ந்துகொண்டார். அக்கணத்துக்கு முன்னும் பின்னும் நிகழ்வதை அறிய வேறுவகை நோக்கு தேவைப்பட்டது.

கடமானை விருதுநகர், நெல்லை மாவட்டத்தார் மிளா என்பர். அதன் பருவம் பெரும்பாலும் ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை நீளும். மழை பெய்து சேறு கட்டிய குழிகளில் ஆண் மிளா புரண்டெழும். கழுத்துப் பிடரி மயிர் சிலிர்க்கும். தொண்டையின் அடிப்புறத்தில் புண்போன்ற மயிரற்ற ஈரத் திட்டு ஒன்று தோன்றும். அதனை நோயென்று மயங்கியோர் உண்டு. மிளா இருளை விரும்பும் விலங்காதலின், அதன் காதற்பருவத்தை முழுமையாகக் கண்டோர் சிலரே.

வெளிமான் உண்மையில் மானினத்தைச் சேர்ந்ததன்று. ஆடுமாடுகளின் பெருங்குடும்பத்தைச் சேர்ந்த இரலையினம். அதன் கொம்பு உதிர்வதில்லை. ஆண்மான் திறந்த புல்வெளியில் தனக்கென ஓர் இடத்தை வகுத்துக்கொண்டு, புழுக்கைக் குவியலாலும் கண்ணருகே உள்ள சுரப்பியின் மணத்தாலும் எல்லை குறிக்கும். பிணை எல்லைக்குள் வந்தால், மூக்கை வானோக்கி உயர்த்தி, கொம்பு முதுகில் படியுமாறு தலையைச் சாய்த்து, வாலைச் சுருட்டி, மெல்லிய உறுமலோடு அடிமேல் அடிவைத்து நடக்கும். குசராத்தின் வேளாவதர் புல்வெளியில் இத்தகைய ஆண்மான்கள் பல அருகருகே சிறுசிறு இடங்களைக் கைக்கொண்டு, களம் கூடியவை போல் நிற்பதை ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

மேனாட்டார் இப்பருவத்தைப் பெரும்பாலும் செம்மானிலேயே கண்டு எழுதினர். இலையுதிர் காலத்தில் ஐரோப்பியச் செம்மான் கலை பிணைக்கூட்டம் ஒன்றைச் சேர்த்துவைத்துக்கொண்டு இரவும் பகலும் முழங்கும். உணவை மறந்து உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழக்கும். ஸ்காட்லாந்தின் ரம் தீவில் டிம் கிளட்டன்-புரோக்கும் அவர்தம் துணைவரும் பல்லாண்டு நோக்கி ஒரு முறையைக் கண்டறிந்தனர். கலைகள் முதலில் முழக்கத்தால் ஒன்றையொன்று அளக்கும். அதில் தீராவிடில் அருகருகே இணையாக நடந்து அளக்கும். அதிலும் தீராதபோதே கொம்பு கோக்கும். அவர்கள் நூல் 1982இல் வெளிவந்தது. போர் என்பது கடைசி வழி என்னும் உண்மை, வேட்டைக் கதைகளில் வந்த வெறிகொண்ட கலைமானின் உருவத்தை மாற்றியது. அச்செம்மானுக்கு நெருங்கிய உறவான ஹங்குல் நம் நாட்டில் காஷ்மீரத்தின் தாச்சிகாம் காடுகளில் வாழ்கிறது. இன்று எஞ்சியிருப்பவை சில நூறே.

துப்பாக்கியும் வெடிமருந்தும்

முழங்கும் கலை தன்னை மறைத்துக்கொள்வதில்லை. பிணையையும் பகைக்கலையையும் தவிர வேறெதையும் அது பொருட்படுத்துவதும் அரிது. ஆகவே வேட்டைக்காரனுக்கு இப்பருவம் பெருவாய்ப்பாக அமைந்தது. முற்றிய கொம்பு, அஞ்சாத நிலை, இருக்குமிடத்தை அறிவிக்கும் குரல் என மூன்றும் ஒருங்கே வாய்த்தன. ஆங்கிலேயர் காலத்து மாளிகைச் சுவர்களில் தொங்கிய கொம்புத் தலைகள் அதன் விளைவு. விடுதலைக்குப் பின் சாலையும் ஜீப்பும் கைவிளக்கும் பெருகியபோது இரவு வேட்டையும் பெருகியது. 1972ஆம் ஆண்டின் கானுயிர்ப் பாதுகாப்புச் சட்டமே அதற்கு அணை கட்டியது.

துப்பாக்கி ஏந்திய கையே ஒளிப்படக் கருவியையும் ஏந்தத் தொடங்கியது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. ஜெர்மனியில் 1887இல் மெக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து கண்கூசும் மின்னொளியை எழுப்பும் முறை கண்டறியப்பட்டது. பொட்டாசியம் குளோரேட்டு சிவகாசி மக்களுக்கு அறிமுகம் தேவையில்லாத பொருள். தீக்குச்சியின் தலையில் இருப்பது அதுவே. அம்மின்னொளியைக் கொண்டு அமெரிக்கரான ஜார்ஜ் ஷைராஸ் என்பார், ஏரிக்கரையில் நீருண்ண வந்த மான்களை இரவில் ஓடத்திலிருந்து படம் பிடித்தார். 1906ஆம் ஆண்டு சூலைத் திங்கள் நேஷனல் ஜியாகிரபிக் இதழ் அவருடைய 74 படங்களை ஒருசேர வெளியிட்டது. முன்னாளில் வேட்டைக்காரராக இருந்தவர் அவர்.

இந்தியாவில் அவ்வழியைப் பின்பற்றியவர் வனத்துறை அலுவலர் எஃப். டபிள்யூ. சாம்பியன். விலங்கின் கால் பட்டதும் இழுபடும் கம்பியால் மின்னொளியும் படமும் ஒருங்கே நிகழுமாறு அமைத்து, புலியையும் பிற விலங்குகளையும் இரவில் பதிந்தார். அவருடைய முதல் நூல் 1927இல் வெளிவந்தது. இன்று புலிக் கணக்கெடுப்புக்கென காடெங்கும் வைக்கப்படும் தானியங்கிக் கருவிகளுக்கு அவரே முன்னோடி எனலாம். எனினும் வெடித்தெழும் ஒளியில் அகப்படுவது திடுக்கிட்ட ஒரு நொடியே. விலங்கு எங்ஙனம் வாழ்கிறது என்பதை அறிய, வெடியும் ஒளியும் இன்றி நெடுநேரம் காத்திருக்கும் கண் வேண்டும்.

அத்தகைய கண்ணுக்கு எடுத்துக்காட்டாக ஸ்காட்லாந்தில் ஃபிரேசர் டார்லிங் விளங்கினார். செம்மான் மந்தையைப் பற்றிய அவர் நூல் 1937இல் வெளிவந்தது. மான்களை நெருங்குவதற்காக அவர் கோடை முழுதும் செருப்பின்றி வெறுங்காலோடு மலையில் நடந்தார் என்பது சிந்திக்கத்தக்கது. இந்தியாவில் ஜார்ஜ் ஷாலர் 1963 முதல் 1965 வரை கன்ஹா காட்டில் தங்கி, புள்ளிமான், கடமான், பாரசிங்கா, வெளிமான் ஆகியவற்றின் இணைசேர் நடத்தையைப் பொறுமையோடு குறித்து, 1967இல் நூலாக்கினார். தமிழ்நாட்டில் ஷாலருக்கும் முன்பிருந்தே தனிவழி நடந்தவர் ஒருவர் இருந்தார். அவர் மா. கிருஷ்ணன்.

மா. கிருஷ்ணன்

தமிழ் நாவல் முன்னோடிகளுள் ஒருவரும் ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதியவருமான அ. மாதவையாவின் கடைசி மகனாக, 1912ஆம் ஆண்டு சூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தவர் கிருஷ்ணன். தந்தை 1925இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காகப் பேசிக்கொண்டிருந்த அவையிலேயே உயிர்நீத்தபோது அவருக்கு வயது 13. மாநிலக் கல்லூரியில் பயின்றபோது தாவரவியல் பேராசிரியர் ஃபைசனின் தொடர்பு வாய்த்தது. பின்னர் சட்டம் பயின்றும் வழக்கறிஞராகத் தொழில் நடத்தவில்லை. 1940களில் சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி, அரசருக்குச் செயலர் எனப் பல பணிகள் ஆற்றினார். அச்சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தபின் சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் எந்த அலுவலையும் அவர் ஏற்கவில்லை; எழுத்தும் படமுமே வாழ்வாயின.

கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் அவர் தொடங்கிய இயற்கைப் பத்தி, 1996 பெப்ரவரி 18 அன்று அவர் மறையும் வரை 46 ஆண்டுகள் இடையறாது வந்தது. தமிழிலும் எழுதினார். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்த கலைக்களஞ்சியத்துக்கு விலங்குகள் பற்றிய கட்டுரைகள் அளித்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைப் பின்னாளில் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்தார். சங்க இலக்கியத்தில் ஆழ்ந்த தோய்வுடையவர் ஆதலின், தம் முன்னோர் பாடிய விலங்குகளையே தாம் காட்டில் காண்கிறோம் என்னும் உணர்வு அவர்பால் இருந்தது.

அவருடைய ஒளிப்படக் கருவி தனிக்கதை. ஒரு நிறுவனத்தின் உடற்பகுதியையும் வேறொரு நிறுவனத்தின் தொலைவில்லையையும் தாமே பொருத்தி உருவாக்கிய அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டிருந்தார். அதனைக் கண்டு வியந்தும் நகைத்தும் எழுதினார் இயற்கையியலாளர் ஈ. பி. ஜீ. வண்ணப்படம் பெருகிய காலத்திலும் கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையை விடவில்லை. தாமே இருட்டறையில் படத்தைக் கழுவி எடுப்பார். முதுமலை போன்ற காடுகளில் நடந்தும் யானைமீது அமர்ந்தும் படம் பிடித்தார். யானையைக் கண்டு மான் வெருளாது. ஆதலால் மேலே இருப்பவன் மானுக்கு அருகே செல்லலாம். ஆனால் யானையின் மூச்சசைவுக்கும் படம் கலங்கும். ஒரு நல்ல படத்துக்கு எத்தனை மணிநேரம் அசையாதிருக்க வேண்டும் என்பதைப் படிப்போர் ஊகித்துக்கொள்ளலாம்.

வண்ணம் நீங்கினால் எஞ்சுவது வடிவமும் ஒளியும் நிலமும். கலைமானின் தடித்த கழுத்து, கொம்பின் வளைவு, காலின் விறைப்பு, அது நிற்கும் புதரின் தன்மை ஆகியவை கறுப்பு வெள்ளையில் தெளிவாகப் புலனாகும். விலங்கை அதன் சூழலோடு காட்டும் படமே சான்றாகும் என்பது கிருஷ்ணன் கொண்ட நெறி. நாட்காட்டிப் படத்தில் இல்லாத விடைகள் இத்தகைய படத்தில் இருக்கும். 1968இல் நேரு நல்கை பெற்று, தென்னிந்தியத் தீபகற்பத்தின் பேருருப் பாலூட்டிகளை நேரில் சென்று ஆராய்ந்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடராக வந்த அவ்வாய்வு 1975இல் நூலாயிற்று. 1970இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றார். ஆய்வுக்கூடம் இன்றி, கண்ணையும் குறிப்பேட்டையும் கருவியையும் கொண்டே அவர் அந்நிலையை எய்தினார்.

காட்சியால் காக்கப்பட்ட நிலங்கள்

காண்பது காப்பதற்கு முதற்படி என்பதற்கு வெளிமானே சான்று. தஞ்சைக் கடற்கரையின் கோடியக்கரையில் எஞ்சியிருந்த வெளிமான்களின் நிலையை அறிய 1962இல் கிருஷ்ணன் அங்குச் சென்றார். 1967இல் அந்நிலம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இரலை துள்ளிய முல்லைநிலங்கள் பெரும்பாலும் கழனியாகவும் ஊராகவும் மாறிவிட்ட பின்னர், கடலோர உவர்ப்புல்வெளி ஒன்றே அவற்றுக்குப் புகலாயிற்று.

விருதுநகருக்குத் தெற்கே, கிருஷ்ணன் பிறந்த திருநெல்வேலிக்கு அருகே, வல்லநாட்டுக் குன்று உள்ளது. அங்கு வெளிமான்களுக்காக 1987இல் சரணாலயம் அமைந்தது. பரப்பு ஏறத்தாழ 16 சதுர கிலோமீட்டர். இயற்கையாக வெளிமான் வாழும் நிலங்களுள் நாட்டின் தென்கோடியில் உள்ளது இதுவே. முட்புதரும் செம்மண்ணும் பரற்கல்லும் நிறைந்த அக்குன்றின் சரிவில், மழைக்குப் பின் ஓர் ஆண்மான் மூக்கை உயர்த்திப் பிணையைச் சுற்றி நடந்தால், குறுங்குடி மருதனார் கண்ட நிலமும் விலங்கும் பருவமும் இன்றும் அவ்வாறே உள்ளன என்பதை உணரலாம்.

மேற்குமலையும் பட்டாசு நிலமும்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கெல்லையாக அமைந்த மலைத்தொடரில், 1988ஆம் ஆண்டு இறுதியில் திருவில்லிபுத்தூர் நரை அணில் சரணாலயம் உருவாயிற்று. பரப்பு 485 சதுர கிலோமீட்டர். 2021இல் மேகமலையோடு இணைந்து அது புலிகள் காப்பகமாயிற்று. செண்பகத்தோப்பின் மரங்களில் தாவும் நரை அணில் பெயர் தந்தது எனினும், அம்மலை மிளாவுக்கும் புள்ளிமானுக்கும் கேளையாட்டுக்கும் சருகுமானுக்கும் உறைவிடம். மலையுச்சிப் புல்வெளியில் வரையாடும் உண்டு.

இங்கே காலத்தின் ஒற்றுமை ஒன்றை நோக்க வேண்டும். மிளாவின் பருவம் ஐப்பசியில் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழையும் ஐப்பசியில். தீபாவளியும் ஐப்பசியில். ஆண்டு முழுவதும் சமவெளியில் உழைப்போர் உருட்டிச் சுற்றிய வெடிகள் யாவும் வெடிக்கும் அதே நாள்களில், மலையில் ஆண் மிளா சேற்றில் புரண்டு எழுந்து இரவெல்லாம் அலைகிறது. செவியையும் மூக்கையும் நம்பியே அது துணையைத் தேடுகிறது. இப்பருவத்தில் நிகழும் இடையூறு ஓர் இரவின் இடையூறாக நின்றுவிடுவதில்லை; பிணையின் பக்குவக் காலம் குறுகியது; தவறிய கூடல் அடுத்த ஆண்டின் குட்டியைக் குறைக்கும்.

பட்டாசு இவ்வட்டாரத்துப் பல்லாயிரம் குடும்பங்களின் சோறு. அதனைப் பழித்துப் பேசுவது அறியாமை. ஆயினும் வெடியை எங்கே வெடிப்பது, எங்கே தவிர்ப்பது என்பதை வெடி செய்யும் மக்களைவிட நன்கறிந்தவர் வேறு யார்? ஆலையில் ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் இடையே விடவேண்டிய தொலைவை அளந்து வாழ்பவர்கள் அவர்கள். மலையடிவாரத்துக்கும் வெடிக்கும் இடையே விடவேண்டிய தொலைவையும் அவர்கள் எளிதில் உணர்வர். அண்டை மாவட்டமான சிவகங்கையில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் கூடுகட்டும் பறவைகளின் பொருட்டுப் பல்லாண்டுகளாகத் தீபாவளியன்று வெடி வெடிப்பதில்லை. சட்டம் வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. தேர்மணியின் நாவைக் கட்டிய தலைவனின் ஒழுக்கம் பாட்டோடு ஒழிந்துவிடவில்லை என்பதற்கு அவ்வூர் சான்று.

ஓசை என்பது வெடியோசை மட்டுமன்று. சதுரகிரிக்கு ஆடி அமாவாசையில் தாணிப்பாறை வழியே ஏறும் கூட்டம் காட்டின் ஊடேதான் செல்கிறது. ஆகவேதான் வனத்துறை அங்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. ஒளிப்படக் கலைஞர்களும் இதற்கு விலக்கல்லர். கிருஷ்ணன் காலத்தில் அரிதாயிருந்த தொலைவில்லை இன்று பலர் கையில் உள்ளது. கருவி மலிந்த அளவுக்குப் பொறுமை பெருகவில்லை. முழங்கும் கலையை இன்னும் நெருங்கிப் பிடிக்க வேண்டும் என்னும் வேட்கையில் வண்டியைக் குறுக்கே நிறுத்துவதும், கைதட்டித் தலையைத் திருப்பச் செய்வதும், இரவில் விளக்கடிப்பதும் பழைய வேட்டையின் மறுவடிவமே. தலை சுவரில் தொங்கவில்லை என்பதொன்றே வேறுபாடு. படம் கிடைத்தபின்னும் கலையும் பிணையும் தம் செயலைத் தொடர்ந்தனவா என்பதே நல்ல ஒளிப்படத்துக்கு உரைகல்லாகும்.

நம் நாட்காட்டிகளில் பிறநாட்டுப் பனிமலைகளும் ஏரிகளும் பல்லாண்டுகளாக அழகுடன் அச்சாகி வருகின்றன. அதே எந்திரங்கள் திருவில்லிபுத்தூர் மலையின் மிளாவையும் வல்லநாட்டு வெளிமானையும், அவை எத்திங்களில் என்ன செய்கின்றன என்னும் குறிப்போடு, அவற்றின் தமிழ்ப்பெயரையும் சேர்த்து அச்சிடலாம். ஐப்பசித் தாளில் மிளா சேறாடுவதையும், கோடைத் தாளில் புள்ளிமான் முழங்குவதையும் சுவரில் பார்த்து வளரும் சிறுவன், மலையடிவாரத்தில் எப்போது அடங்கி நடக்க வேண்டும் என்பதைத் தானே அறிந்துகொள்வான். அதற்கு வேண்டிய காடும் இம்மாவட்டத்தில் உண்டு. அச்சகமும் இம்மாவட்டத்தில் உண்டு.